கல்லூரி வளாகத்தில் பசுமைப் பணி: விழா முடிந்த பிறகு எது நிற்கும்?

அடிவாரத்து ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில், ஏற்காடு மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் குழு அடுத்த கல்வியாண்டில் வரவிருக்கிறது. அதை முன்னிட்டு, வளாகத்தின் சுற்றுச்சூழல் பணிகளுக்கு ஒரு திட்டம் எழுதித் தரும்படி என்னையும் இயற்பியல் துறை நண்பர் ஒருவரையும் முதல்வர் பணித்திருக்கிறார். நாக் மதிப்பீட்டில் மின்சாரம், நீர், கழிவு, பசுமைத் தணிக்கை ஆகியவை பற்றிக் கேட்கிறார்கள் என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் கொஞ்சம் பணம் ஒதுக்குவார்கள். எவ்வளவு என்பதை மட்டும் யாரும் இன்னும் வாய்திறந்து சொல்லவில்லை.

எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்து மாணவர்கள் மரக்கன்று நடலாம் என்கிறார்கள். நான் தயங்குகிறேன். ஆண்டுதோறும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நடுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம், ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் பாதிக் குழிகளில் காய்ந்த குச்சிதான் நிற்கிறது. சேலத்தில் நல்ல மழை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரைதான் பெய்கிறது. மண் இன்னும் சூடு தணியாத ஜூன் தொடக்கத்தில் நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றுகிறவர்களும் பருவத்தேர்வு, சேர்க்கை என்று சிதறிப்போனால் கன்று எப்படிப் பிழைக்கும்? அன்றைய விழாவுக்கு வைக்கும் ஃபிளெக்ஸ் பேனர் மட்டும் அடுத்த ஆண்டு வரை கெடாமல் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் கல்லூரிகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் தொடங்கிய பணிகளில் எவை மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் நடக்கின்றன? எவை நின்றுபோயின, ஏன் நின்றன? அறிக்கையில் எழுத அழகான சொற்கள் என்னிடமே நிறைய இருக்கின்றன, அவை வேண்டாம்.

---

மீட்டர்பெட்டி எழுதியது:

வணக்கம் மேடம். பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னியல் துறையில் இருக்கிறேன். பசுமை வளாகம் என்றதும் எல்லாரும் மொட்டை மாடியைப் பார்த்துச் சூரியத் தகடு என்பார்கள். அதற்கு முன் கல்லூரியின் மின்கட்டண ரசீதுகளை ஓராண்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மாணவர்களையே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்களுடையது உயரழுத்த இணைப்பாக இருந்தால், அதில் யூனிட் கணக்கைத் தவிர இன்னும் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று ஒப்பந்த மின்தேவை, அதாவது மின்வாரியத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிய உச்ச அளவு. உண்மையில் பதிவான உச்சத் தேவை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒப்பந்த அளவின் 90 விழுக்காட்டுக்குக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். கட்டடம் பெருகும் என்று நம்பி முன்பு யாரோ கூடுதலாக வாங்கிவைத்த அளவுக்குப் பல கல்லூரிகள் இன்றும் பணம் கட்டிக்கொண்டிருக்கின்றன. இதைக் குறைத்தால் ஒரு யூனிட் கூட மிச்சமாகாது. ஆனால் மற்ற வேலைகளுக்கு வேண்டிய பணம் இங்கிருந்தே கிடைக்கும். மற்றொன்று திறன் காரணி, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு பயனுள்ள வேலையாகிறது என்ற விகிதம். அது 0.90-க்குக் கீழே இறங்கினால் அபராதம். அதைச் சரியாக வைத்திருக்கும் கெப்பாசிட்டர் பேனல் கெட்டுப்போய்க் கிடப்பதை ரசீதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் அளவில் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் விசிறி 30 வாட் அளவில் ஓடும். எங்கே மாற்றுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வகுப்பறை விசிறி நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடினால் மிச்சம் 54 யூனிட். விடுதி அறை விசிறி நாளுக்கு 14 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் மிச்சம் 189 யூனிட். யூனிட் 8 ரூபாய், விசிறி 3000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விடுதியில் போட்ட பணம் இரண்டே ஆண்டில் திரும்பும். வகுப்பறையில் ஏழு ஆண்டு ஆகும். இருந்தும் எல்லாக் கல்லூரிகளிலும் முதலில் மாறுவது கருத்தரங்கக் கூடத்து விசிறிதான், ஏனென்றால் குழு அங்கேதான் உட்காரும்.

சூரியத் தகடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், அதற்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் கல்லூரி மூடியிருக்கும் என்பதையும், தகட்டைத் துடைக்க ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தூசி படிந்த தகட்டைத் துடைப்பது யார் வேலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், அது யாருடைய வேலையாகவும் இருக்காது.

---

முன்னாள் விடுதி மாணவன் எழுதியது:

மீட்டர்பெட்டி ஐயா விடுதியிலிருந்து தொடங்கியது எனக்கு மகிழ்ச்சி. விடுதியின் சமையற்கட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம்.

அங்கே எரிவாயுக் கலன் ஒன்று வைத்தார்கள். காகிதத்தில் கணக்கு நன்றாகவே இருந்தது. உணவுக் கழிவு 100 கிலோ போட்டால் 8 முதல் 10 கனமீட்டர் வரை வாயு கிடைக்கும். ஒரு கனமீட்டர் வாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆக, நாளுக்கு நூறு கிலோ கழிவு விழும் விடுதியில் 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்று ஐந்து நாளைக்கு ஒரு முறை மிச்சமாக வேண்டும். தொடக்க மாதங்களில் அப்படித்தான் மிச்சமானது.

பிறகு வாயு குறைந்துகொண்டே போனது. தட்டுக் கழுவுமிடத்தில் நின்று பார்த்தபோது காரணம் புரிந்தது. எலுமிச்சைத் தோல், ஊறுகாய், முட்டை ஓடு, எலும்பு எல்லாம் ஒரே டிரம்மில் விழுந்தன. புளிப்பும் உப்பும் சேரச் சேரக் கலனுக்குள் அமிலம் ஏறி, வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திக்கொண்டன. வாயு நிறைந்து மேலே மிதக்க வேண்டிய கலனின் மூடி டிரம் எழும்பவே இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் விடுமுறை. பொங்கலுக்கு விடுதி மூடினால் கலனுக்குத் தீனி நின்றுவிடும். திறந்த அன்றே முழு அளவு கழிவைக் கொட்டினால் அதற்கு அஜீரணம் வந்துவிடும். விடுமுறையில் தினமும் கொஞ்சம் சாணக்கரைசல் ஊற்றவும், திறந்தபின் ஒரு வாரத்துக்குக் கொஞ்சங்கொஞ்சமாக அளவைக் கூட்டவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை யாரும் நியமிக்கவில்லை. இன்று அந்தக் கலனின் மேல் துணி காய்கிறது.

நம் மாவட்டத்தில் இதற்கு அறிவுரை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றில் மரவள்ளிக் கிழங்குக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். ஜவ்வரிசி ஆலையில் அந்தக் கலனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தொழிலாளியை ஒரு நாள் அழைத்து வந்து சமையல்காரர்களோடு பேசவைத்திருந்தால் போதும், இயந்திரம் விற்றவர்கள் விளக்கியதை விட அது பயன்பட்டிருக்கும்.

ஆனால் கலன் வைப்பதற்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் விடுதிச் செயலராக இருந்த அண்ணன் ஒருவர், தட்டுக் கழுவுமிடத்தில் ஒரு தராசை வைத்து, மீந்த சோற்றை ஒவ்வொரு வேளையும் எடைபோட்டு, கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். எந்த வேளையில் எடை ஏறுகிறது என்று பார்த்ததில், புதன்கிழமை இரவு உப்புமாதான் குற்றவாளி என்று தெரிந்தது. பட்டியலிலிருந்து உப்புமாவை எடுத்தார்கள். அந்தக் கரும்பலகை இன்றும் இருக்கிறது. சமையல்காரருக்கு அரிசி அளவு போட அது உதவுகிறது என்பதால் அவரே எழுதிவருகிறார்.

---

கோப்புக்கட்டு எழுதியது:

நான் ஆசிரியன் அல்லன். கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியிருப்பவர்கள் எல்லாரும் நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தொடங்குவதில் இருக்கும் ஆர்வம் பராமரிப்பில் இருப்பதில்லை. அதில் அவர்கள் குற்றமும் இல்லை. மாணவர் மூன்று ஆண்டில் போய்விடுவார். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு ஆசிரியர்களுக்குள் கைமாறும். வளாகத்தில் நிரந்தரமாக இருப்பவர்கள் அலுவலகத்தாரும், எலக்ட்ரீஷியனும், தோட்டக்காரரும், தூய்மைப் பணியாளர்களும்தான். திட்டக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று மாணவர்கள் பிரித்துப் போடுகிறார்கள். காலை ஆறரை மணிக்கு ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்மணி இரண்டையும் ஒரே தள்ளுவண்டியில் கொட்டுகிறார். ஏன் அம்மா என்று கேட்டால், எனக்குக் கொடுத்திருப்பது ஒரு வண்டிதானே ஐயா என்கிறார். இதற்கு விழிப்புணர்வுப் பேரணி நடத்தி என்ன பயன்? இன்னொரு வண்டி வாங்கினால் தீர்ந்தது.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே, 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் தங்கள் ஈரக்கழிவைக் கூடுமானவரை தங்கள் இடத்திலேயே கையாள வேண்டும் என்று வந்துவிட்டது. ஆகவே இது மாணவர் மன்றத்தின் தொண்டு கிடையாது, நிர்வாகத்தின் கடமை. நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையை மாணவர் தலையில் கட்டி, அதற்குச் சான்றிதழும் கொடுத்து, சேவை என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

---

பட்டறைத்தெரு எழுதியது:

கோப்புக்கட்டு ஐயா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஆசிரியர் தவிர வேறு யாரும் செய்ய முடியாத பசுமைப் பணி ஒன்று உண்டு. அதைப் பற்றி எந்தத் தணிக்கையும் ஆழமாகக் கேட்பதில்லை. வேதியியல் ஆய்வகத்தின் கழுவுதொட்டியைத்தான் சொல்கிறேன்.

நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன், கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவன். எங்கள் தெருவில் வெள்ளிப் பட்டறையில் தரையைக் கூட்டிய தூசியைக் கூடக் கொட்ட மாட்டார்கள்; சேர்த்துவைத்து உருக்கி வெள்ளியை எடுப்பார்கள். அதே ஊரில் கல்லூரி ஆய்வகங்களில் வெள்ளியைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். குளோரைடு அளவிட சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செய்யும் மோர் (Mohr) முறைத் தரம்பார்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் 0.05 மோலார் கரைசலை மூன்று முறை 20 மில்லி வீதம் பயன்படுத்தினால், அதில் 0.32 கிராம் வெள்ளி இருக்கிறது. 60 பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு சோதனையில் ஏறத்தாழ 19 கிராம். கைக்குழந்தைக்குப் போடும் மெல்லிய கொலுசுக்கு அது போதும்.

பணம் போவதை விட மோசமானது, முடிவுநிலையைக் காட்டும் சுட்டியாகச் சேர்த்து அதனோடு போகும் மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட். அதிலுள்ள அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. ஆய்வகச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்த கல்லூரிகள் குறைவு. நம் நகரத்து வாய்க்கால்கள் கடைசியில் திருமணிமுத்தாற்றில்தான் கலக்கின்றன. அந்த ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு கீழே நாமக்கல் வரை பயிர் செய்கிறார்கள்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். இருபது மில்லிப் பிப்பெட்டுக்குப் பதில் ஐந்து மில்லிப் பிப்பெட். முடிவுநிலை கண்ணுக்குத் தெளிவாகவே தெரிகிறது, செலவு நான்கில் ஒரு பங்கு. மிச்சக் கரைசல் முழுவதையும் ஒரு கேனில் சேர்த்து, சாப்பாட்டு உப்புக் கரைசலை மிகுதியாக ஊற்றினால் வெள்ளியெல்லாம் சில்வர் குளோரைடாகப் படிந்துவிடும். மேலே நிற்கும் மஞ்சள் நீரைத் தனியே வடித்து, நீர்த்த கந்தக அமிலமும் பெரஸ் சல்பேட்டும் சேர்த்தால் மஞ்சள் மறைந்து பச்சையாகும். அறுமதிப்புக் குரோமியம் மும்மதிப்பாக மாறிவிட்டது என்று பொருள். பிறகு சுண்ணாம்பு சேர்த்து பி.எச். 8-க்கு மேல் கொண்டுவந்தால் அது சேறாகப் படியும். அந்தச் சேற்றைக் குப்பையில் போடக் கூடாது, அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும். அடியில் தங்கிய வெண்படிவிலிருந்து துத்தநாகத் தூளும் நீர்த்த அமிலமும் கொண்டு வெள்ளியை மீட்பதை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கே செய்முறையாக வைத்திருக்கிறோம். பாடமும் ஆயிற்று, மீண்ட வெள்ளியும் கைக்கு வருகிறது.

குரோமேட்டே வேண்டாம் என்றால் டைகுளோரோபுளோரசீன் சுட்டி கொண்டு செய்யும் ஃபஜான்ஸ் முறை இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வில் மோர் முறையைக் கேட்கும்வரை இணைவுக் கல்லூரிகளுக்கு மோர் முறையைக் கைவிட வழியில்லை. தன்னாட்சிக் கல்லூரியில் இருக்கும் ஆசிரியர்கள் பாடத்திட்டக் குழுவில் இதை ஒரே கூட்டத்தில் மாற்றலாம். ஆயிரம் கன்று நடுவதை விட இந்த ஒரு தீர்மானம் மேல் என்பது என் கட்சி.

---

காப்பித்தோட்டம் எழுதியது:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். பட்டறைத்தெரு நண்பருக்குக் கன்றின் மேல் கோபம் வேண்டாம். கன்று நடுகிற விதத்தின் மேல் கோபப்படலாம்.

மலைக்கு வந்து கன்று நடுகிறோம் என்று கல்லூரிகளிலிருந்து கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் கையில் இருப்பது சில்வர் ஓக். அது ஆஸ்திரேலிய மரம். 1820-களில் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த பிறகு, வேகமாக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம் என்று நிழலுக்கும் தடிக்கும் தோட்டக்காரர்களாகிய நாங்கள்தான் அதைப் பரப்பினோம். தோட்டத்துக்கு அது பயன்படும். காட்டை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு அதை நடுவதில் பொருள் இல்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் நடவும் கூடாது. மாணவர்கள் மலைக்கு ஏதாவது செய்ய விரும்பினால், உண்ணிச்செடி மண்டிய தோட்ட ஓரங்களில் அதைப் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்க வரட்டும். கையில் முள் கீறும், புகைப்படத்தில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் யாரும் வருவதில்லை.

வளாகத்தில் நட விரும்பினால் அடிவாரத்தின் சொந்த மரங்களை நடுங்கள்: உசிலை, வேங்கை, நாவல், இலுப்பை, புங்கன். நர்சரியில் விலைக்கு வாங்காமல், மாணவர்கள் விதை பொறுக்கி வளாகத்திலேயே நாற்றங்கால் போட்டால், ஓராண்டு வளர்த்த கன்றை ஆகஸ்டு கடைசியில் நடலாம். தான் முளைக்க வைத்த கன்றுக்கு மாணவர் தண்ணீர் ஊற்றுவார்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் களப்பயணம் என்று பேருந்தில் வருகிறவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் நிறுத்தி, குரங்குகளுக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, உறையை அங்கேயே விட்டுப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. ஆனால் பாக்கெட் உறைகள் இன்னும் எங்கள் ஓடைகளில்தான் வந்து சேர்கின்றன. வருகிறவர்கள் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் ஒரு முழுக் காலைப் பொழுதைச் செலவிட்டு, இந்த மலையின் செடிகளில் பத்தையாவது பெயர் சொல்லக் கற்றுக்கொண்டு திரும்பினால் எனக்கு அதுவே போதும்.

---

மண்வெட்டி எழுதியது:

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கட்டடங்களின் கூரை 2000 சதுர மீட்டர் என்றும், ஆண்டு மழை 950 மில்லிமீட்டர் என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடிக்கலாம் என்றும் கொண்டால், 15 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நூற்றிருபது நடைக்கும் அதிகம். கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறீர்கள் என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று. ஆகவே உங்கள் வளாகத்திலும் குழிகள் இருக்கும். மாணவர்களோடு ஒவ்வொரு குழாயாகப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். எங்கள் வளாகத்தில் சுவருக்கு வெள்ளையடித்தபோது கழற்றிய இறங்குகுழாயைத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தார்கள்; குழிக்கு ஒரு முழம் மேலே குழாய் அந்தரத்தில் நின்றது. இன்னொரு குழியின் மேல் சிமென்ட் கல் பதித்து இருசக்கர வாகன நிறுத்தமாக்கியிருந்தார்கள். தணிக்கை அறிக்கையில் இரண்டுமே "செயல்படுகிறது".

சேலம் பாறை நிலம். மேல்மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் கீழே, விரிசல் இருக்கும் இடத்தில்தான் தண்ணீர் இறங்கும். மூன்றடிக் குழி தோண்டிச் சல்லி போட்டால் போதும் என்ற எண்ணம் இங்கே முழுப்பலன் தராது. வளாகத்தில் பழைய கிணறு இருந்தால் அது பெரிய சொத்து. கூரைத்தண்ணீரை மணல், சல்லி வடிகட்டித் தொட்டி வழியாக அதற்குள் விடுங்கள். முதல் மழையின் அழுக்குத்தண்ணீரை வெளியே திருப்ப ஒரு வால்வு வையுங்கள். கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளப்பதை உங்கள் துறை மாணவர்களின் வேலையாக்குங்கள்.

இங்கேதான் கோப்புக்கட்டு ஐயாவோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் தந்த உத்தரவின் தொடர்ச்சியாக, இளநிலைப் பட்ட மாணவர் எல்லாருக்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாயிற்று. அதில் களப்பணியும் உண்டு. ஆண்டுதோறும் மாணவர்கள் ஏதோ ஓர் ஏரியைப் பற்றி இணையத்திலிருந்து எடுத்து எழுதி, சுருள் கம்பி போட்டுக் கொடுக்கிறார்கள், அலமாரியில் தூங்குகிறது. அதே நேரத்தில் அதே கிணற்றை, அதே குழாய்களை, அதே தராசை ஒவ்வொரு தொகுதி மாணவரும் அளந்து ஒரே பதிவேட்டில் எழுதினால், மாணவர் மாறினாலும் அளவு தொடரும். வண்டி வாங்குவது நிர்வாகத்தின் கடமை, சரி. அளப்பது மாணவர் கல்வியின் பகுதி.

நகருக்குள் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் போய்ப் பாருங்கள். 2010-இல் சேலம் மக்கள் குழுவினர் பொறுப்பெடுத்து, தூர்வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் தீவுத்திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள். மலையிலிருந்து வரும் தண்ணீர் புது ஏரி நிரம்பி அங்கே வருகிறது. வரத்து வாய்க்காலைக் கவனிக்காமல் ஏரியை மட்டும் அழகுபடுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அங்கே மாணவர்களுக்குக் காட்டலாம். கழிவுநீர் கலக்கும் இடத்தை மூக்கே காட்டிக்கொடுக்கும்.

---

இரண்டாமாண்டு மாணவி எழுதியது:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆத்தூர் பக்கத்திலிருந்து நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வருகிறேன். எங்கள் மன்றத்தில் நடக்கும் பணிகள் எல்லாம் மாலை நான்கு மணிக்குமேல் அல்லது சனிக்கிழமையில் இருக்கின்றன. விடுதி மாணவிகளால் இருக்க முடியும், எங்களால் முடியாது. ஆனால் வருகைப்பதிவு கொடுப்பது வந்தவர்களுக்குத்தான். மண்வெட்டி ஐயா சொன்னதுபோல் அளக்கும் வேலையைப் பாடவேளைக்குள் வைத்தால் நாங்களும் சேர முடியும்.

இன்னொன்று. வளாகத்துக்குள் விசிறியையும் விளக்கையும் கணக்கிடுகிறீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. இருசக்கர வாகனத்தில் வரும் மாணவர்கள் பலர் அரசுப் பேருந்து நேரம் ஒத்துவராததால்தான் வண்டி வாங்கினார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களாகிய எங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கடைசி வகுப்பு முடிவதற்கும் பேருந்து கிளம்புவதற்கும் ஐந்து நிமிடம் இடித்தால் அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். பேருந்து கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைக்கச் சொல்வது பசுமைப் பணியில் சேருமா, மேடம்?

---

கோப்புக்கட்டு எழுதியது:

அந்தப் பெண் கேட்டது இந்த இழையிலேயே நல்ல கேள்வி. செலவே இல்லாதது. பணிமனை மேலாளருக்குக் கல்லூரி முதல்வர் கையொப்பத்தோடு ஒரு கடிதம் போனால் நேரத்தை மாற்றவும் செய்வார்கள். என் பணிக்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள்.

மண்வெட்டி அவர்களின் பதிவேட்டு யோசனையை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பதிவேடு துறை அலமாரியில் இருக்கக் கூடாது. அலுவலகத்தில், பக்க எண் இட்டு, மாதம் ஒருமுறை முதல்வர் கையொப்பம் இடும் பதிவேடாக இருக்க வேண்டும். கையொப்பம் வேண்டிய காகிதத்தைத் தொலைக்க அலுவலகத்தில் யாருக்கும் துணிச்சல் வராது.

---

அடிவாரத்து ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதை இயற்பியல் நண்பரோடு உட்கார்ந்து பேசி, முதல்வருக்குக் கொடுக்கும் வரைவை மாற்றி எழுதிவிட்டோம்.

சூரியத் தகட்டை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறோம். முதல் ஆண்டில் மகளிர் விடுதியின் விசிறிகள், இரண்டாவது தள்ளுவண்டி, பழைய கிணற்றுக்கு வடிகட்டித் தொட்டி, சமையற்கட்டுக்குத் தராசு. எரிவாயுக் கலன் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்க நிர்வாகம் தயாராக இல்லை, ஆள் இல்லாமல் வாங்கினால் துணிதான் காயும். காய்கறிக் கழிவையும் சருகையும் சேர்த்து மட்கவைக்கும் தொட்டிகள் போதும். பிப்ரவரி, மார்ச்சில் புங்கனும் வேம்பும் கொட்டும் சருகை விடியலில் கொளுத்தும் வழக்கம் எங்களிடம் உண்டு. காலை எட்டு மணிக்குள் தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் நெருக்குவதுதான் அதற்குக் காரணம் என்று விசாரித்ததில் தெரிந்தது. தூய்மைப் பணியாளர் இருவரையும் எலக்ட்ரீஷியனையும் குழுவில் உறுப்பினராகச் சேர்க்கும்படி எழுதியிருக்கிறேன். முதல்வர் புருவத்தை உயர்த்துவார்; உயர்த்தட்டும்.

கன்று நடுவதை மாணவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஜூன் 5 அன்று விதை பொறுக்கி நாற்றங்கால் தொடங்குவது, நடுவது அடுத்த ஆண்டு ஆகஸ்டில் என்று சமரசம் ஆயிற்று. பேருந்து நேரத்துக்கான கடிதம் தனியாகத் தட்டச்சாகிறது, தங்கையே. உன் கேள்விக்கு விடை: சேரும்.

வேதியியல் துறைத்தலைவரிடம் பட்டறைத்தெரு அவர்களின் பதிவைக் காட்டினேன். வெள்ளி என்றதும் ஆர்வமாகிவிட்டார். கழிவுக் கரைசலைப் பருவம் முழுவதும் ஒரே கேனில் சேர்த்துவைக்கலாமா, கண்ணாடிப் பாட்டில் வேண்டுமா என்று கேட்கிறார்.

---

பட்டறைத்தெரு எழுதியது:

ஐந்து லிட்டர் நெகிழிக் கேன் போதும், ஒளி புகாததாக இருப்பது நல்லது. மேலே உள்ளடக்கத்தையும் தொடங்கிய தேதியையும் எழுதி ஒட்டுங்கள். உப்புக் கரைசலை அன்றன்றே ஊற்றிவிட்டால் பருவம் முழுவதும் வைக்கலாம்.

ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் கேனின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். கரிமச் செய்முறையில் ஆல்டிஹைடுக்குச் செய்யும் டாலன்ஸ் சோதனைக் கரைசலை எக்காரணம் கொண்டும் அப்படியே இந்தக் கேனில் ஊற்றக் கூடாது, தனியாகவும் எடுத்துவைக்கக் கூடாது. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல் கிடக்கக் கிடக்க, தொட்டாலே வெடிக்கும் படிவை உண்டாக்கும். அதை வேண்டிய அளவுக்கு மட்டும் தயாரித்து, சோதனை முடிந்த கையோடு நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்கி, உப்புக் கரைசல் ஊற்றி வெள்ளியைப் படியவைத்த பிறகே மற்றதோடு சேர்க்க வேண்டும். ஆய்வக உதவியாளரிடம் இதை நேரில் சொல்லிவிட்டுத்தான் கேனைக் கொடுக்க வேண்டும். செய்முறை முடிந்து மாணவர்கள் போன பிறகு குடுவைகளைக் கழுவி வைப்பவர் அவர்தான்.